முழுத் திருப்தியுடன் வாங்கிய கார்

அந்தக் கடையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. மேனேஜர் முதல் லிஃப்ட்காரர் வரை எல்லாருக்கும் அவர் சாந்தம் சார்தான். ஃபிரிஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை அது. பொருள் விற்கும் மாடிகளெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருக்கும். விற்ற பொருள் திரும்பி வரும் இடம் மட்டும் அடித்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சாந்தம் சார்.

கோபத்தோடு படியிறங்கி வருகிறவர்களைப் பார்த்து அவர் சொல்லும் முதல் வாக்கியம் என்றைக்கும் மாறியதில்லை. "முதல்ல சாந்தமா உக்காருங்க." பட்டப்பெயர் அதிலிருந்து வந்ததுதான். உட்காரச் சொல்வது சும்மா மரியாதைக்கு என்று நினைத்துவிட வேண்டாம். புகார் சொல்ல வருகிறவர்களின் நாற்காலியை, ஒரு தச்சரைக் கூப்பிட்டு, பார்த்தால் தெரியாத அளவுக்குக் கால் குட்டையாக அறுத்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் ஆள் கொஞ்சம் கீழே போய்விடுவார். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு யாராலும் அதிக நேரம் சத்தம் போட முடியாது என்பது சாந்தம் சாரின் சொந்தக் கண்டுபிடிப்பு. அடுத்தது ஒரு டம்ளர் சில்லென்ற தண்ணீர். தண்ணீர் குடித்துக்கொண்டே திட்டுவதற்கு மனிதனுக்கு இன்னும் வாய் அமையவில்லை.

இதற்கும் அடங்காதவர்களுக்குக் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. பொருளை எடுத்துக்கொண்டு போன அன்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல், அவர்கள் பக்கமாக மெதுவாகத் திருப்பி வைப்பார். 'நன்கு பரிசோதித்து, முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.' அந்த வாசகமும் அவர் எழுதியதுதான். படித்தவர்களின் முகம் சுண்டிப்போகும். தப்பு தங்கள் பேரில்தான் என்று நினைத்துக்கொண்டு, எரியாத அடுப்பையும் சுற்றாத மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு படியேறிப் போவார்கள். போகும்போது நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதுதான் அவருக்குப் பெருமை.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாரையும் அவமரியாதையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த மாதிரி வேலைக்கு நல்லவர்கள்தான் லாயக்கு. கெட்டவனை அந்த மேசையில் உட்கார வைத்தால் முதல் நாளே சட்டை கிழிந்துவிடும்.

இத்தனை வருட சர்வீஸில் அவர் தோற்றது ஒரே ஒருவரிடம். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. அவர் வாங்கிய வாஷிங் மெஷின், துணி பிழியும்போது குளியலறையை விட்டுக் கிளம்பிக் கூடத்துக்கே நடந்து வந்துவிடுமாம். உட்காரச் சொன்னார், "பரவால்ல, நிக்கறேன்" என்றார் அந்த அம்மாள். தண்ணீர் நீட்டினார், "தாகம் இல்லைங்க" என்றார். "கம்பெனிக்குச் சொல்லிட்டோம், ஆள் வருவாங்க" என்றார் இவர். "சரிங்க, அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார் அவர். இவர் எதைச் சொன்னாலும் அதற்கு அதே பதில். குரல் உயரவே இல்லை. எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அது சாட்சியாகிவிடும். எழுத முடியாது என்று சொன்னால் சொன்னதெல்லாம் பொய் என்றாகிவிடும். சாந்தம் சாருக்கு முழி பிதுங்கிவிட்டது. கடைசியில் மேனேஜரே இறங்கி வந்து, புது மெஷினைப் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார். சில நாள் சாந்தம் சாருக்குச் சாப்பாடே சரியாக இறங்கவில்லை.

அவர் மனைவி திரைச்சீலை தைக்கிறவர். வீட்டு முன்னறையே பட்டறை. ஜன்னலை அளந்து, துணி வெட்டித் தைத்து, கம்பியோடு போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வருவார். கம்பிகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் தினம் ஒரு சண்டை. "கம்பியை உள்ள எங்கம்மா வைப்பே, யார் கண்ணையாவது குத்தவா?" என்று கண்டக்டர்கள் எரிந்து விழுவார்கள். கார் ஓட்டும் லைசென்ஸ் அவரிடம் கல்யாணமான புதிதிலிருந்தே இருந்தது. காலாவதியாகும் போதெல்லாம் தவறாமல் புதுப்பித்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். ஓட்டத்தான் கார் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிதாகக் கட்டிய ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து, படுக்கைக்குப் படுக்கை திரை தைத்து மாட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. மாடி மாடியாக நடக்கும் வேலை. அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. ஆனால் துணிக்கட்டுகளையும் கம்பிகளையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு.

"ஒரு பழைய கார் வாங்கிடலாங்க. நானே ஓட்டிக்கறேன்" என்றார் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். சாந்தம் சார் சேமிப்பை அப்படியே எடுத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்லக் கூடாது.

ஊர் எல்லையில் பழைய கார் விற்கும் இடம் ஒன்று இருந்தது. அதன் முதலாளி எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பார். நல்ல சேதி சொன்னாலும் அதே சிரிப்பு, கெட்ட சேதிக்கும் அதே. கார் பார்க்க மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கார் விஷயத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று குடும்பத்தையே நம்ப வைத்திருந்தவர் அவர். முத்து வெள்ளையில் ஒரு கார் நின்றது. தம்பி பானெட்டைத் திறந்து "ம்" என்றார், மூடினார். டயரை ஒரு உதை விட்டார். உள்ளே உட்கார்ந்து ரேடியோவைத் திருகினார்.

"சூப்பர் அத்தான். சத்தம் கணீர்னு இருக்கு."

"ஒரே ஓனர் வண்டிங்க," என்றார் சிரிப்பு முதலாளி. "டாக்டர். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய எடுப்பார்."

பழைய கார் கடைகளில் நிற்கும் கார்களெல்லாம் டாக்டர்களுடையவை. அவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கார் ஓட்டுகிறார்கள். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சாந்தம் சாரும் கேட்கவில்லை. காருக்குள் நாலு மூலையிலும் வாசனைப் புட்டிகள் தொங்கின. "டாக்டருக்கு வாசனைன்னா உயிர்" என்றார் முதலாளி, கேட்காமலே.

பணம் கைமாறியதும் டைப் அடித்த காகிதம் ஒன்று கையெழுத்துக்கு வந்தது. சாந்தம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'வண்டியைப் பார்த்து வாங்கிக்கொண்டேன்' என்று மொட்டையாக ஒரு வரி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்துப் பாத்திரம் தேய்த்துப் பழகியவர், அரைகுறையாகக் கழுவிய பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது ரொம்ப லூசா இருக்குங்களே. பார்த்தேன்னா என்ன அர்த்தம்? கண்ணால பார்த்தேன், உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு நாளைக்கு ஒருத்தன் வந்து நிப்பான்."

"அப்படிங்களா? எப்படிப் போடலாம், நீங்களே சொல்லுங்க."

அவ்வளவுதான். சாந்தம் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். டைப் அடிக்கும் பெண்ணுக்கு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "வண்டியின் எல்லாப் பாகங்களையும் நானே நன்கு பரிசோதித்து, உள்ள நிலையிலேயே, முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். இதன் பின் தெரியவரும் எந்தக் குறைக்கும் விற்றவர் பொறுப்பல்ல." சொல்லி முடித்துவிட்டு, காற்புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்றும் எட்டிப் பார்த்தார்.

முதலாளி எழுந்து நின்று கை கொடுத்தார். "இனிமே எல்லாருக்கும் இதையே போட்டுக்கட்டுங்களா?"

"தாராளமா."

மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். "என்னங்க, உங்களுக்கு எதிரா நீங்களே எழுதிக் குடுக்கறீங்களே?"

"தொழில்ல ஒரு மரியாதை இருக்கும்மா. உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு, அழகாகக் கையெழுத்துப் போட்டார். வலியப் போய்த் தன் கழுத்துக்குத் தானே சுருக்கு முடிந்துகொண்டு, முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறதா என்று இழுத்தும் பார்த்துக்கொண்ட மனிதரை அன்றுதான் அந்த முதலாளி முதன்முதலாகப் பார்த்திருப்பார்.

முதலில் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. இடது பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் வைப்பர் ஓடியது. பிரேக் மிதித்தால் உள்ளே விளக்கு எரிந்தது. "பழைய வண்டின்னா அப்படித்தான் அக்கா, நாமதான் பழகிக்கணும்" என்றார் தம்பி. வெயிலில் நிறுத்திவைத்தால் வாசனைப் புட்டிகளையும் மீறி, பாசி பிடித்த தொட்டியின் நாற்றம் வந்தது. மனைவி ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினார். ஆனாலும் அவருக்கு அந்த முதல் சில நாட்கள் அவ்வளவு சந்தோஷம். கடைக்குப் போய் வருவதற்குக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வருவார்.

ஆஸ்பத்திரிக்கு முதல் மாடித் திரைகளைக் கொண்டுபோன அன்றுதான் வினை வெடித்தது. பச்சைத் துணிக்கட்டுகள் பின்சீட்டில். கம்பிகள் ஆடாமல் இருக்க, பின்சீட் பெல்ட்டை வெளியே இழுத்து அவற்றின்மேல் சுற்றிக் கட்டியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் 'ஒலி எழுப்பாதீர்' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தினார். ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. எஞ்சினை அணைத்தார், நிற்கவில்லை. சாவியை எடுத்தார், நிற்கவில்லை. ஸ்டியரிங்கைக் கையால் ஓங்கி அடித்தார், அதற்கும் மசியவில்லை. ஜன்னல் ஜன்னலாக நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவைத்திருந்த ஒருவர் பால்கனி வரைக்கும் நடந்தே வந்துவிட்டார். காவலாளி ஓடி வந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

தலைமை நர்ஸ் வெளியே வந்து மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். "திரை தைச்சது நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வண்டி இன்னொரு தடவை இந்த வாசலுக்குள்ள வரக்கூடாதும்மா."

மனைவிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவமானத்தோடு கம்பிகளை அவிழ்க்கக் குனிந்தபோதுதான், கட்டுவதற்காக முழு நீளத்துக்கு இழுத்த பெல்ட்டின் அடிப்பகுதி அவர் கண்ணில் பட்டது. சாதாரணமாக வெளியே வராத பாகம். அதில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே காய்ந்து பொருக்குத் தட்டிய சேறு. அதற்கு முந்தைய வருடம் ஆற்றோரத் தெருக்களில் வெள்ளம் புகுந்தபோது, வடிந்த பிறகு துவைக்கவென்று வந்த எத்தனையோ திரைச்சீலைகளில் இதே கோட்டை அவர் பார்த்திருந்தார். அன்று சாயங்காலம் ஒரு மெக்கானிக் வந்து தரை விரிப்பைத் தூக்கிக் காட்டினார். விரிப்பு புதிது. அடியில் வண்டல் மண் படிந்து, ஒயர்கள் பச்சைபிடித்துக் கிடந்தன.

"கழுத்து வரைக்கும் தண்ணியில நின்ன வண்டிங்க இது" என்றார் மெக்கானிக்.

மறுநாள் சாந்தம் சார் தனியாகக் கிளம்பிப் போனார். இத்தனை வருட அனுபவம் எதற்கு இருக்கிறது? புகார் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்கா சொல்லித்தர வேண்டும்? சிரிப்பு முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்றார். சோபாவில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். பஞ்சு அப்படியே உள்வாங்கி, முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. கையில் குளிர்ந்த ஜூஸ் வந்தது. 'நாம வெறும் தண்ணியோட நின்னுட்டோமே' என்று சாந்தம் சார் மனசுக்குள் குறித்துக்கொண்டார். முதலாளி அவரைவிட அதிகமாக வருத்தப்பட்டார். தன் வீட்டில் நடந்த மாதிரி இருக்கிறது என்றார். கடைசியாக அந்தக் காகிதத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல், மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தார். சாந்தம் சார் அதைப் படித்தார். தப்பு தன் பேரில்தான் என்று ஒரு நிமிஷம் அவரும் நம்பிவிட்டார். வாசகம் அவ்வளவு நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"ரொம்ப மரியாதையா பேசினாங்கம்மா."

"அதில்லங்க. காருக்கு என்ன சொன்னாங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். காரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போதாததற்குத் தான் கிளம்பும்போது நன்றி வேறு சொல்லிவிட்டு வந்ததும் நினைவுக்கு வந்தது. "முதல்ல நீ சாந்தமா உக்காரு..." என்று ஆரம்பித்தார்.

"நான் உங்க கஸ்டமர் இல்லங்க" என்றார் மனைவி.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தையல் மெஷினிடம் போய் உட்கார்ந்துகொண்டார். முன்னறை முழுக்கப் பச்சைத் துணி அடுக்கடுக்காகக் குவிந்து கிடந்தது. இனிமேல் வாடகை வண்டி பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். கிடைக்கிற கூலியெல்லாம் வாடகைக்கே போய்விடும். கார்ப் பணம் திரும்பி வராவிட்டால், அடுத்த மாடி வேலையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாந்தம் சார் அந்தத் துணிக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எரியாத அடுப்பைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போனவர்கள் தங்கள் வீட்டில் போய் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று முதன்முறையாக நினைத்துப் பார்த்தார்.

அடுத்த முறை இருவரும் சேர்ந்தே போனார்கள். போகும் வழியெல்லாம் அவர் அந்த வாஷிங் மெஷின் அம்மாளைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே போய் உட்காரவில்லை. ஜூஸைத் தொடவில்லை. "இது வெள்ளத்துல நின்ன வண்டி. நீங்க அதை மறைச்சு வித்திருக்கீங்க. பணத்தைத் திருப்பிக் குடுக்க முடியுமா, முடியாதா? எதுவானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார் மனைவி.

"எழுத்தெல்லாம் எதுக்கும்மா, நமக்குள்ள?" என்றார் முதலாளி. சிரிப்பு மட்டும் லேசாக நடுங்கியது.

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றே நோட்டீஸ் அனுப்பினார்கள். அதற்கும் பதில் இல்லை. விஷயம் நுகர்வோர் மன்றத்துக்குப் போனது.

மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கிறீச்சிடும் மின்விசிறி, ஆடும் பெஞ்சுகள், மேடையில் மூக்குக்கண்ணாடி போட்ட தலைவர் அம்மாள். வக்கீல் வைக்க வசதி இல்லாமல் கணவனும் மனைவியும் தாங்களே வந்திருந்தார்கள். மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் சேறு படிந்த பெல்ட்டின் போட்டோவையும் மனைவி நீட்டினார். கார்க்காரருக்கு வக்கீல் இருந்தார். அந்த வக்கீல் எங்கெங்கோ விசாரித்து, சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் சாந்தம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அது அவருடைய கடை மேனேஜர்.

வக்கீல் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுல இருக்கற கையெழுத்து உங்களோடதா?"

"ஆமாங்க."

"கையெழுத்து மட்டுமா? இந்த வரிகளை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. வக்கீல் அது அடங்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் எழுந்து, இந்த மாதிரி நிபந்தனைகள் எழுதுவதில் சாந்தம் சார் கெட்டிக்காரர் என்றும், தங்கள் கடையில் அவர் எழுதிய வாசகத்தைத்தான் பல வருடமாகப் பயன்படுத்துகிறோம் என்றும் பெருமையாகவே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"விவரம் தெரியாத அப்பாவி இல்ல இவர்," என்றார் வக்கீல். "ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிஞ்சு எழுதின நிபுணர். சரி, நீங்களே சொல்லுங்க. இந்தக் கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்துமா, படுத்தாதா?"

கட்டுப்படுத்தும் என்றால் கார்ப் பணம் போச்சு. படுத்தாது என்றால், இத்தனை வருடமாக அடித்தளத்தில் தான் செய்துவந்தது என்ன என்பதைத் தன் வாயாலேயே, அதுவும் மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி மடியில் அந்த லைசென்ஸ். அடையாளத்துக்குக் கேட்பார்களோ என்று எடுத்து வந்திருந்தார்.

"படுத்தாதுங்க," என்றார் சாந்தம் சார். "எழுதும்போதே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு இவ்வளவு அழுத்தமா எழுதினீங்க?"

"செல்லாததைத்தாங்க அழுத்தமா எழுதணும். படிக்கறவங்க பயந்துடுவாங்க. தப்பு நம்ம பேருலதான்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. எங்க கடையில என் மேசைக்கு வந்தவங்க முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் போனாங்க. போகும்போது எனக்கு நன்றியும் சொல்லிட்டுப் போனாங்க." அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "அவங்கெல்லாம் நியாயமாத்தாங்க கேட்டாங்க."

பெஞ்சுகளில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் மட்டும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் அம்மாள் சிரிப்பு முதலாளியைக் கூப்பிட்டார். "இந்த வண்டியை நீங்க யார்கிட்ட வாங்கினீங்க?"

"ஒரு டாக்டர்கிட்டங்க."

"எந்த டாக்டர்?"

முதலாளிக்கு டாக்டரின் பெயர் ஞாபகம் வரவில்லை. முகமும் ஞாபகம் வரவில்லை. வாங்கிய ரசீதைக் கொண்டுவரச் சொல்லி அம்மாள் உத்தரவு போட்டார். அடுத்த வாய்தாவில் ரசீது வந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனி மொத்தமாக ஏலம் விட்டபோது எடுத்தது என்று அதிலேயே எழுதியிருந்தது. முதலாளி முதன்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார். சிரிக்காதபோது அவர் யாரோ வேற்றாள் மாதிரி இருந்தார்.

தீர்ப்பில் பெரிய வார்த்தைகள் இல்லை. குறையைத் தெரிந்தே மூடி மறைத்துவிட்டு, பரிசோதித்துத்தானே வாங்கினாய் என்று கேட்பது நியாயமாகாது. அப்படிப் பெற்ற கையெழுத்து, வண்டி வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. பணத்தை முழுக்கத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வாடகை வண்டிக்கு ஆன செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மனைவி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே நின்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில், நாலு பேர் பார்க்க அவர் அதுவரை அப்படிச் செய்ததில்லை.

"அடுத்த வண்டி வாங்கும்போது நீங்க வர வேண்டாங்க" என்றார்.

"வரலம்மா" என்றார் அவர்.

மறுநாள் காலை, எதிர்பார்த்தபடியே, மேல்மாடி மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. சாந்தம் சார் கதவைத் திறந்தார். மேனேஜரின் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவருடைய அடித்தளத்து நாற்காலி. கால் அறுத்த நாற்காலி. இவருக்காகவே ஆள் வைத்து மேலே தூக்கி வரச் செய்திருக்கிறார்கள். மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர், வெளியே முத்து முத்தாக வியர்த்துக்கொண்டிருந்தது.

"வாங்க சார்," என்றார் மேனேஜர் தேன் ஒழுக. "முதல்ல சாந்தமா உக்காருங்க."

"பரவால்லைங்க. நிக்கறேன்."

"தண்ணியாவது குடிங்க."

"தாகம் இல்லைங்க."

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உங்களுக்கும் வயசாகுது. கொஞ்ச நாள் வீட்டுல ஓய்வா இருந்தா நல்லதுன்னு நம்ம கடை முதலாளி நினைக்கறார். உங்க நல்லதுக்குத்தான்."

"சரிங்க. மன்றத்துல உண்மையைச் சொன்னதால வேலையை விட்டுப் போகச் சொல்றோம்னு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போயிடறேன்."

"எழுத்தெல்லாம் எதுக்கு சார், நமக்குள்ள?"

சாந்தம் சார் நின்றுகொண்டே இருந்தார். மேனேஜர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எழுதிக் கொடுத்தால் அதுவும் நாளைக்கு மன்றத்துக்குப் போகும் என்பது அவருக்கும் தெரியும். அந்த முழி சாந்தம் சாருக்கு நன்றாகப் பழக்கம். ஒரு காலத்தில் அவரே அப்படி முழித்திருக்கிறார். கடைசியில் மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "போய் வேலையைப் பாருங்க" என்றார்.

சாந்தம் சார் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். அடித்தளத்தில் அவர் மேசைக்கு முன்னால், துண்டில் சுற்றிய இஸ்திரிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். படியிறங்கி வந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. நாற்காலியைப் பார்த்ததும், அலுப்போடு அதில் உட்காரப் போனார்.

"உக்காராதீங்க," என்றார் சாந்தம் சார். "தண்ணி குடுத்தாலும் குடிக்காதீங்க. நின்னுக்கிட்டே கேளுங்க."